இந்தத் தடவை ரத்தப் பரிசோதனை

ராய்ப்பூர், 4ஆம் தேதி

அன்புள்ள வசந்தாமணிக்கு மயில்சாமி எழுதறது. உன் முழங்கால் வலி தேவலையா? நான் போர் போடற ரிக் வண்டியோட சௌக்கியமா இருக்கறேன்.

போன்ல சொன்னா என் குரலே காட்டிக் குடுத்துரும்னுதான் எழுதறேன். பயந்துக்காதே. புராஸ்டேட்ல இருக்கறது சின்னப் புத்து, இந்த வயசுல ஆபரேசன் வேண்டாம், ஆறு மாசத்துக்கொருக்கா ரத்தம் பாத்தாப் போதும்னு நாமக்கல் டாக்டர் சொன்னாரல்ல? இந்தத் தடவை இங்கயே பாத்தேன். போன தடவை நாலரையா இருந்த அந்த பி.எஸ்.ஏ. அளவு ஒம்பது ஆயிருச்சு. இங்கத்த டாக்டர் ரிப்போர்ட்டை ரெண்டு தடவை படிச்சுட்டு, "துணைக்கு யாரு வந்திருக்காங்க?"ன்னு கேட்டார். "யாருமில்லீங்க"ன்னேன். இருபதாந் தேதி சதை எடுத்துப் பாக்கோணுமாம். சும்மா ஒரு சோதனைதான்.

பழைய ரிப்போர்ட்டெல்லாம் பீரோவுல இருக்குது. ரெண்டு வேட்டியும் வேணும். கூரியர்ல போடாதே, கண்ணு. நீயே எடுத்துட்டு வந்துரு.

வண்டி கெளம்புது.

மயில்சாமி