ஞாயிறு மாலை வந்துபோன அம்புக்குறி

ராயபுரம்
22 பிப்ரவரி 2026, ஞாயிறு

அன்புள்ள ஃப்ரெடிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் இங்கே நடமாட்டத்துக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் ஹாலிஃபாக்ஸ் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருப்பதாகப் போனில் சொல்கிறாய், மூக்கு அடைத்த குரலில் சொல்வதால் பாதிதான் நம்புகிறேன். தினமும் வாட்ஸாப்பில் பேசும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். எல்சி சித்தியின் மகள் சாண்ட்ரா படிப்புக்காக வியாழக்கிழமை டொரண்டோவுக்குப் புறப்படுகிறாள், அங்கிருந்து உனக்குத் தபாலில் அனுப்பச் சொல்லி ஒரு பார்சல் கொடுக்கிறேன், அதில் இரண்டு தாள் வைத்தால் கனக்காது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருப்பார், துறைமுகத்தில் அன்றைக்கு என்ன கப்பல் வந்தது, எந்த கிரேன் மக்கர் பண்ணியது என்று எல்லாவற்றையும் அவரே சொல்லி முடித்து, இந்தா அம்மாகிட்ட பேசு என்று கொடுக்கும்போது உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. நானும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

பார்சலில் மீன் குழம்புப் பொடியும் பருப்புப் பொடியும் இருக்கின்றன. அப்பா எனக்குத் தெரியாமல் வஞ்சிரக் கருவாட்டை நாலு பிளாஸ்டிக் கவரில் சுற்றி அடியில் வைத்திருந்தார், வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது, எடுத்துவிட்டேன். கஸ்டம்ஸ் பேப்பர் பார்க்கிறவள் வீட்டிலிருந்து போன பெட்டி கருவாட்டோடு பிடிபட்டால் நன்றாகவா இருக்கும்? “அதுல இன்னா வெடிகுண்டா கீது? புள்ள ஆசையா துன்னுவான்னு வெச்சேன்” என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை சாம்பல் புதன் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசி வந்த பிறகுதான் சமாதானமானார். ஊரில் புதிதாக ஒன்றுமில்லை. கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் ரோட்டில் முன்பு போலவே வரிசை கட்டி நிற்கின்றன, மாடியில் துணி காயப் போட்டால் உதறாமல் மடிக்க முடியவில்லை, வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது.

இனி எழுத நினைத்ததை எழுதுகிறேன். நீ காலேஜில் படிக்கும்போது ரிச்சி தெருவிலிருந்து பாகம் பாகமாக வாங்கி வந்து சேர்த்தாயே, அந்தக் கம்ப்யூட்டரை மாற்றியாகிவிட்டது. அதில் இருந்த பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது என்று போன வருஷமே சொல்லிவிட்டார்கள். நான் இப்படிப்பட்ட அறிவிப்புகளை உடனே நம்புகிறவள் இல்லை, புதிதாக வாங்க வைக்கச் செய்கிற வேலை என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் கஸ்டம்ஸ் ஏஜென்சி முதலாளி தேவப்பிரியம் சார், வீட்டிலிருந்து வேலை பார்க்கிற எல்லோரும் புதிய சிஸ்டத்துக்கு மாற வேண்டும், ஆபீஸ் கொடுக்கிற பாதுகாப்பு மென்பொருள் ஒன்றுதான் அதில் இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் நம் கம்ப்யூட்டருக்குள் வந்து பார்க்கிற வசதி எதுவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊரார் சரக்கின் விவரம் முழுவதும் என்னிடம் இருக்கிறது, அவர் சொன்னது நியாயம்தான். உன்னிடம் போனில் சொன்னதும் நீ, “அப்பாடா, நல்லதாப் போச்சும்மா, புதுசு எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும், ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு வேலை குறைஞ்சுது” என்றாய். வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் பிறருடைய கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டுகிற பிள்ளை, அப்படித்தான் சொல்வாய். நானும் ஆமாம் என்றேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ ஹாலிஃபாக்ஸ் போவதற்கு முன்பு அந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஒரு ஆண்டிவைரஸ் போட்டாய், அதோடு சேர்ந்தே நீ அங்கிருந்து இங்கே உள்ளே வருகிற ஏற்பாடும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை, உனக்குக் காலை, நீ வருவாய். நான் மாலைப் பூசைக்குப் போயிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். நான் காலைப் பூசைக்கே போய்விட்டு, மாலையில் அந்த மேசை முன்னால் உட்கார்ந்திருப்பேன். திரையில் அம்புக்குறி தானாக நகரும். முதலில் மேலே ஒரு மூலைக்குப் போகும், எதையோ திறக்கும், வைரஸ் தேடச் சொல்லும், அது தேடி முடிக்கிற வரைக்கும் ஓரமாக நிற்கும். சில நேரம் நான் கண்ட இடத்தில் போட்டு வைத்த ஃபைல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரியான இடத்தில் வைக்கும். ஒருமுறை பாதியில் நின்றுவிட்டு வெகுநேரம் கழித்து நகர்ந்தது, காபி போட எழுந்து போயிருப்பாய் என்று நினைத்தேன். நீ சின்ன வயதில் வீட்டுப்பாடம் எழுதும்போதும் பென்சிலை அப்படியே வைத்துவிட்டு எங்கேயாவது போய்விடுவாய். நான் மவுஸைத் தொட மாட்டேன். கூடத்தில் உன் வேலையை நீ செய்கிறாய், நான் பக்கத்தில் இருக்கிறேன், அவ்வளவுதான். ஒரு கருவிக்குள் மகன் உட்கார்ந்திருக்கிறான் என்று எண்ணுகிற புத்தி எனக்குக் கிடையாது, எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு வேறு எந்த வேலையையும் வைத்துக்கொண்டதில்லை.

புதிய லேப்டாப் வந்த அன்று அப்பா செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு எந்த மெஷின் வந்தாலும் அந்தோனியார் படம் ஒட்டுவாரே, ஃப்ரிட்ஜில், கிரைண்டரில், உன் பழைய சைக்கிளில் கூட ஒட்டினாரே, அது மாதிரி லேப்டாப்பில் திரைக்கு மேலே நடுவில் கச்சிதமாக ஒன்றை ஒட்டிவிட்டார். அங்கேதான் கேமரா இருக்கிறது. முகத்தைப் பார்த்துத்தான் திறக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார், நான் உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கிறேன், உங்களை அடையாளம் தெரியவில்லை என்கிறது. விளக்கைப் போட்டேன், கண்ணாடியைக் கழற்றினேன், தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அப்பா பின்னால் நின்றுகொண்டு, “சிரிச்ச மாரி மூஞ்ச வெச்சிக்க ஜானட்டு, அதுவே பயந்துக்கினு கீது” என்கிறார். படத்தை நகர்த்தலாம் என்றால் முதலில் சம்மதிக்கவில்லை. இப்போது அந்தோனியார் கொஞ்சம் இடது பக்கமாகத் தள்ளி நிற்கிறார்.

அடுத்து நான் செய்ததைக் கேள். பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன்பு, ஆண்டிவைரஸ் இருக்கிறது என்று நீ மார்க்கரில் எழுதிக்கொடுத்த பென் டிரைவைத் தேடி எடுத்து, புதியதிலும் அதையே போட்டேன். இந்த மென்பொருள் இந்தச் சிஸ்டத்தோடு ஒத்துப்போகாது என்று திரையில் தெளிவாகவே எழுதியிருந்தது. படித்தேன், புரிந்தது, அதற்குப் பிறகுதான் தொடர் என்பதை அழுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாலும் வரலாம், வழி திறந்திருக்கட்டும் என்று தோன்றியது. இரண்டு நாள் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாவது நாள் ஒரு கன்டெய்னர் பேப்பரை அனுப்பப் போகிற நேரத்தில் எல்லாம் உறைந்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டரைக் கட்டுப்படுத்த வெளியாள் மென்பொருள் ஒன்று முயல்கிறது என்று ஆபீஸ் மென்பொருள் எச்சரிக்கை காட்டியது, உன்னுடையது பதிலுக்கு இன்னொரு எச்சரிக்கை காட்டியது. எதை அழுத்தினாலும் நகரவில்லை. தேவப்பிரியம் சார் போனில், “என்ன சிஸ்டர், லாரி ஹார்பர் கேட்டாண்ட நிக்குது, உங்க பேப்பர் எங்க நிக்குது?” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. அந்தப் பேப்பரை வேறு ஒருவர் ஆபீஸிலிருந்து முடித்தார்.

கல்மண்டபத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற வசீமைக் கூப்பிட்டேன். உன்னோடு டியூஷன் படித்தவன், இப்போது அவனுக்கு ஒரு பெண் குழந்தை. பார்த்ததுமே சிரித்துவிட்டான். “இன்னா ஆன்ட்டி, ஒரே வாசலுக்கு ரெண்டு வாட்ச்மேன் வெச்சிகீறீங்க? இவன் அவன திருடன்றான், அவன் இவன திருடன்றான், வூட்டுக்காரர் வெளிய நின்னுகினு கீறாரு. எவன அனுப்பிடலாம்?” என்றான். ஒத்துப்போகாது என்று எனக்குத் தெரியும் வசீம், ஆபீஸ்காரன்தான் இருக்க வேண்டும் என்றேன். பழையதை எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று, “இத்த எடுத்தா ஃப்ரெடி அந்தாண்டேர்ந்து உள்ள வர முடியாது, பரவால்லியா?” என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அப்பா, “நம்ம புள்ள எங்கடா வரான், அவன் அங்கதான கீறான்” என்றார். எடுத்துவிடு என்று சொல்லிவிட்டு நான் டீ போட உள்ளே போனேன். திரும்பி வரும்போது வேலை முடிந்திருந்தது. இப்போது கம்ப்யூட்டர் வேகமாக இருக்கிறது, எச்சரிக்கை எதுவும் வருவதில்லை, தேவப்பிரியம் சாருக்கும் கோபம் தணிந்துவிட்டது.

இன்றைக்கு ஞாயிறு. அப்பா கடற்கரைப் பக்கம் சிநேகிதர்களைப் பார்க்கப் போயிருக்கிறார். நான் பழக்கத்தில் அந்த மேசைக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். அம்புக்குறி நான் கடைசியாக விட்ட இடத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை என்று தெரிந்து, மூடி வைத்துவிட்டு அதன் மேலேயே தாளை வைத்து இதை எழுதுகிறேன்.

ஃப்ரெடி, கேட்டு வாங்குவது எனக்கு வராது, உனக்கே தெரியும். உனக்கு அங்கே நிரந்தரமாகத் தங்குகிற பேப்பர் வருகிற வரைக்கும் ஊருக்கு வா என்று கேட்பது உன் மேல் பாரம் வைப்பது என்று இருந்துவிட்டேன். போன நவம்பரில் அது வந்துவிட்டது. அதற்குப் பிறகு அப்பா கேட்கும்போதெல்லாம் பார்க்கலாம் என்கிறாய், நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருக்கிறேன். நான் பேசாமல் இருப்பதால் எனக்கு அவசரம் இல்லை என்று நீ நினைத்திருக்கலாம். அது உண்மை இல்லை. நீ போய் நான்கு வருஷம் ஆகிறது, உன்னைப் பார்க்க வேண்டும். இந்த வருஷம் கிறிஸ்மஸுக்குள் வா. இங்கே நீ வந்து சரிசெய்ய வேண்டியது எதுவும் கிடையாது, கம்ப்யூட்டர் உட்பட எல்லாம் ஓடுகிறது. பழுது எதுவும் இல்லாத வீட்டுக்கு ஒரு மாதம் வந்து இரு. அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த நேரத்துக்கு எனக்கு மட்டும் போன் செய். பேச விஷயம் வேண்டும் என்று இல்லை. போனைத் திறந்து வைத்துவிட்டு உன் பாத்திரத்தை நீ கழுவு, துணியை மடி, நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியை மட்டும் தின்று காலம் தள்ளாதே. பனியில் நடக்கும்போது பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நடக்காதே, விழுந்தால் ஊன்ற முடியாது. மூக்கடைப்பு ஒரு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பார். தவக்காலத்தில் ஒரு நாளாவது கோயிலுக்குப் போ, எனக்காக இல்லாவிட்டாலும் அப்பா கேட்டால் போனேன் என்று பொய் சொல்லாமல் இருப்பதற்காக. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும், நீ தொட்ட வேலையெல்லாம் நல்லபடி முடியட்டும். டிக்கெட் போட்டால் அப்பாவிடம் சொல்வதற்கு முன்பு என்னிடம் சொல். அவரிடம் சொன்னால் அன்றைக்கே துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிடும். ஒரு நாளாவது அது எனக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

உன் வருகைக்குக் காத்திருக்கும்
அம்மா
ஜானட் சிலுவைமுத்து