தரை தொட மூடிய விறகு

பேங்கோர்,
1986 மே 11

அன்புள்ள அம்மா,

விறகுக் கொட்டகையின் கூரை பனிப் பாரம் தாங்காமல் விழுந்துவிட்டது என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் கோழி முட்டைக்குப் போய்விட்டாய். உனக்கு அடிபட்டதா இல்லையா? அதை எழுதவே இல்லை.

அப்பா போய்ப் பதினோரு வருடம். அத்தனை வருடமும் நீ ஒருத்தியே மரம் வெட்டி, பிளந்து, அடுக்கி அந்த வீட்டைச் சூடாக வைத்திருக்கிறாய். என்னை ஒரு கட்டையைக்கூடத் தூக்க விட்டதில்லை. "போய்ப் படிடி" என்பாய். நானும் சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து உன் கோடரி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே படித்தேன்.

ஒரு செய்தி. கூட்டுறவு அலுவலகத்தில் எனக்குத் தந்திருக்கும் முதல் வேலை, விறகைக் காயவைப்பது எப்படி என்று ஒரு துண்டறிக்கை எழுதுவது. அடுத்த வசந்தத்தில், எல்லோரும் விறகு அடுக்கத் தொடங்கும் நேரத்தில், ஒன்பதாயிரம் வீடுகளுக்குப் போகும். "நீ விறகு அடுப்பு எரியும் வீட்டுப் பெண்தானே, நீயே எழுது" என்றார் மேலதிகாரி ஹாஸ்கல். எனக்குத் தலையாட்டத்தான் முடிந்தது.

முதல் சம்பளத்தில் உனக்கு ஒரு தார்ப்பாய் அனுப்பியிருக்கிறேன். கூரை இல்லாமல் இந்த வருடம் விறகு நனையக் கூடாது. அடுக்கை மேலிருந்து தரை தொடும்வரை நாலு பக்கமும் மூடு. கயிறு போட்டு இறுக்கிக் கட்டு. ஒரு சொட்டு மழை உள்ளே போகக் கூடாது. துண்டறிக்கையிலும் இதைத்தான் எழுதப்போகிறேன்.

உன் மகள்,
நோயெல்லா

நீள ஏரிச் சாலை,
ஜூன் 2

என் கண்ணு நோயெல்லா,

அடியெல்லாம் ஒண்ணும் படலை. கூரை விழுந்தப்போ நான் உள்ள ப்ளோய் தோசை சுட்டுட்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்து பாத்துட்டு, திரும்பிப் போய் அடுத்ததை ஊத்திட்டேன். மாவு புளிச்சுப் போயிருமே.

தார்ப்பாய் வந்துச்சு. எவ்வளவு பெருசுடி! விரிச்சா ஏரி மாதிரி நீலமா கெடக்கு. நீ சொன்னபடியே தரை வரைக்கும் மூடி, கயிறு போட்டுக் கட்டிட்டேன்.

ஓனில் மாமா வந்து சுத்திச் சுத்திப் பாத்தான். "ஏக்கா, வெறகுக்கு என்ன கல்யாணமா? முக்காடு போட்டு ஒக்கார வச்சிருக்கே? அதுக்கு மூச்சு முட்டாதா?"ன்னான்.

"என் பொண்ணு காலேஜ்ல நாலு வருஷம் மரத்தைப் பத்திப் படிச்சவ. நீ என்னடா படிச்சே?"ன்னு கேட்டேன்.

"நானும் நாலு வருஷம் படிச்சேன். நாலும் நாலாங்கிளாஸ்ல"ன்னான். பல்லைக் காட்டிட்டுப் போயிட்டான்.

போன்ல பேசுன்னு கேக்காத. போன் அவன் வீட்டுல இருக்கு. நான் ஒரு வார்த்தை பேசினா அவன் பக்கத்துல நின்னு ரெண்டு வார்த்தை பதில் சொல்லுவான். காயிதம்தான் நல்லது.

ஒன்பதாயிரம் வீடா? நம்ம ஊர்ல மொத்தமே அறுபது வீடு. நெனச்சா எனக்கு மூச்சே நிக்குதுடி.

அம்மா

பேங்கோர்,
செப்டம்பர் 21

அன்புள்ள அம்மா,

உங்களுக்கெல்லாம் உருளைக்கிழங்கு அறுவடை தொடங்கியிருக்கும். பள்ளிக்கு மூன்று வாரம் விடுமுறை விட்டு எல்லோரும் வயலில் குனிந்து கிடப்பார்கள். இங்கே யாருக்கும் அது தெரியாது.

துண்டறிக்கையை எழுதி முடித்தேன். ஹாஸ்கல் படித்துவிட்டு, "தெளிவாக இருக்கிறது. 'தரை தொட மூடுங்கள்' என்பதைத் தடித்த எழுத்தில் போடுவோம்" என்றார். எல்லோர் முன்பாகவும் என் பெயரைச் சொன்னார். நான் மேசைக்கு அடியில் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூச்சமாக இருந்தது. ஆனால் அம்மா, உன்னிடம் சொல்கிறேன், நன்றாகவும் இருந்தது.

விறகு நன்றாகக் காய்கிறதா?

நோயெல்லா

நீள ஏரிச் சாலை,
1987 ஜனவரி 14

என் கண்ணு,

பூஜ்யத்துக்குக் கீழ முப்பத்திரண்டு. மூக்கு உள்ளயே ஒறைஞ்சு கரகரங்குது. காட்டுல மரமெல்லாம் துப்பாக்கி வெடிக்கிற மாதிரி படார் படார்னு தெறிக்குது.

நேத்து அடுத்த வருஷத்துக்கான பிர்ச் மரத்தைப் பொளந்தேன். நீ பாத்திருக்கணும். வெயில் காலத்துல அந்தக் கட்டை கோடாலியைக் கவ்விக்கிட்டு விடவே விடாது. இந்தக் குளிர்ல ஓங்கவே வேண்டாம்டி. கோடாலி தானா விழுந்தாப் போதும், கண்ணாடி மாதிரி ரெண்டா விலகுது. உள்ள சந்தன நெறம். புதினா மிட்டாய் வாசனை. நூறு வருஷமா மூடிக் கெடந்ததை மொத மொதல்ல பாக்கறது நான்தானேன்னு தோணுச்சு. தொப்பியைக் கழட்டிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்னேன். காது சில்லிட்டுப் போச்சு.

இங்க எல்லாம் நல்லா இருக்கு. அடுப்பு இந்த வருஷம் பாடுது, ஸ்ஸ்ஸுன்னு கச்சேரிதான். எனக்குத் துணையாச்சு. கட்டிலைச் சமையலறைக்கே கொண்டுவந்துட்டேன், நடக்கிற தூரம் மிச்சம். அடுப்புக் கதவுக் கண்ணாடி கொஞ்சம் கறுத்துப்போகுது, தெனம் தொடைக்கிறேன். வேலை இருந்தாத்தானே பொழுது போகும்.

உன் சிவப்புக் கோட்டை நான் போட்டுக்கிறேன். கோச்சுக்காத.

அம்மா

பேங்கோர்,
ஜனவரி 29

அம்மா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை பிர்ச் மரத்தைப் படித்தேன். இரண்டாம் முறையும் அதையேதான். மூன்றாம் முறைதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது.

நம் அடுப்பு பாடி நான் கேட்டதே இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட இல்லை. ஈர விறகுதான் பாடும். நுனியில் தண்ணீர் கொதித்து வெளியே வரும் சத்தம் அது. கண்ணாடி கறுப்பதும் அதனால்தான். படுக்கையைச் சமையலறைக்குக் கொண்டுவந்தது நடக்கிற தூரத்துக்காக இல்லை. என் கோட்டை நீ வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டிருக்கிறாய், இல்லையா?

உண்மையை எழுதுகிறேன். தரை தொட மூடச் சொன்னேனே, அதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. உயிருள்ள மரத்தில் நீர் எப்படி ஏறுகிறது என்று கல்லூரியில் படித்தேன். வெட்டிய பிறகு அது எப்படி வெளியேறுகிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. மழை உள்ளே போகாவிட்டால் காய்ந்துவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். உன்னிடம் கேட்டிருக்கலாம். பட்டம் வாங்கிய பிறகு இதைப் போய் எப்படிக் கேட்பது என்று வெட்கப்பட்டேன்.

துண்டறிக்கை அச்சாகிவிட்டது. பின்னறையில் கட்டுக்கட்டாக இருக்கிறது. மார்ச் முதல் வாரம் தபாலில் போகும்.

உனக்குத் தெரியாதா அம்மா? உனக்குமா தெரியாது? ஏன் மூடினாய்?

நோயெல்லா

ஓனில் வீட்டிலிருந்து,
பிப்ரவரி 4

நோயெல்லா,

மேல எழுதியிருக்கிற இடத்தைப் பாத்துப் பயந்துறாத. நான் நல்லா இருக்கேன்.

பத்து நாளைக்கு முன்னாடி, மத்தியானம், புகைபோக்கிக்குள்ள தீப் புடிச்சுது. ஈர வெறகுப் புகை உள்ள தார் மாதிரி அப்பியிருந்திருக்கு. ரயில் வீட்டுக்குள்ள வந்த மாதிரி ஒரு சத்தம். அடுப்போட காத்துக் கதவையெல்லாம் அடைச்சுட்டு வெளிய ஓடிவந்தேன். ஓனிலும் வந்துட்டான். பனியில முழங்கால் வரைக்கும் பொதைஞ்சு நின்னு பாத்தோம். வெள்ளைக் கூரைக்கு மேல, நீல வானத்துல, செவப்பா ஒரு மரம் மொளைச்ச மாதிரி நெருப்பு நிக்குது. வீடு போச்சுன்னே நெனச்சேன். ஆனா கண்ணை எடுக்க முடியலடி. நான் வெட்டின மரமெல்லாம் சேந்து மறுபடி எந்திரிச்சு நின்ன மாதிரி இருந்துச்சு.

அரை மணியில அதுவா அடங்கிருச்சு. புகைபோக்கி உள்பக்கம் விரிசல் விட்டிருக்கு. மாத்துற வரைக்கும் இங்கதான். இவன் கொறட்டைக்கு அந்தத் தீயே தேவலை.

கேட்டியே, ஏன் மூடினேன்னு.

பாதி நம்பினேன். முப்பது வருஷமா அடுக்கறவதான். ஆனா படிச்ச பொண்ணுக்கு நமக்குத் தெரியாதது ஏதாவது தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். ஜூலையில தார்ப்பாய்க்குள்ள கையை விட்டேன். கன்னுக்குட்டி மூக்கு மாதிரி சொதசொதன்னு இருந்துச்சு. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு.

அவிழ்க்கத்தான் போனேன். கயித்துல கை வச்சப்போ உன் நெனப்பு வந்துச்சு. பள்ளிக்கூடத்துல எல்லாத்துக்கும் பதில் தெரியும், ஒருநாளும் கை தூக்கினதில்லை. கடைக்கு அனுப்பினா மத்தவங்க எல்லாம் வாங்கிட்டுப் போற வரைக்கும் ஓரமா நிப்பே. பொறந்ததுலேர்ந்து யாரையும் பாத்து 'இதைச் செய்'னு நீ சொன்னதில்லைடி. மொத மொதல்ல சொன்னே. அதுவும் என்னைப் பாத்து. அதை நானே தப்புன்னு சொன்னா, நீ இனிமே வாயே தொறக்க மாட்டேன்னு தோணுச்சு. முடிச்சை இன்னும் இறுக்கிட்டு வந்துட்டேன்.

நான் செஞ்சது தப்புதான். செப்டம்பர்லயாவது சொல்லியிருக்கணும்.

இப்பச் சொல்றேன். நீ சொன்னேன்றதுக்காக நான் ஒரு குளிர்காலம் ஈர வெறகை எரிப்பேன். ரெண்டு குளிர்காலம்கூட எரிப்பேன். எனக்கு நீ பொண்ணு. அந்த ஒன்பதாயிரம் வீட்டுக்கு நீ யாரு?

எந்திரிச்சு நின்னு சொல்லு.

அம்மா

பேங்கோர்,
மார்ச் 8

அன்புள்ள அம்மா,

சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். ஹாஸ்கல், "என்ன நோயெல்லா, சன்னலைத் திறக்கவா?" என்று கேட்டார். நான் அவ்வளவு வெளிறிப் போயிருந்தேனாம். "துண்டறிக்கையைத் தபாலில் போடக் கூடாது சார். நான் எழுதியது தப்பு" என்றேன்.

"எந்த நிபுணர் சொன்னார்?" என்றார்.

"எங்கள் வீட்டுப் புகைபோக்கி தீப்பிடித்தது சார். நான் சொன்னபடி எங்கள் அம்மா மூடி வைத்த விறகு."

ஹாஸ்கல் எழுந்தார். பிறகு என்னோடு வந்து அவரே கட்டுகளைத் தூக்கினார். ஒன்பதாயிரமும் காகித ஆலைக்குத் திரும்பிப் போய்விட்டன. புது அறிக்கையை இன்னொருவர் எழுதுவார். என் பெயர் அதில் இருக்காது. எனக்கு வேறு வேலை: கேள்வித்தாளோடு நாற்பது வீடுகளுக்குப் போய், விறகு எரிப்பவர்களிடமே கேட்டு எழுதிவர வேண்டும். நாற்பது கதவு தட்ட வேண்டும் அம்மா. முதல் கேள்வியைத் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

நீ எழுதிய தீயைப் பற்றி இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிறகு, கயிற்றில் கை வைத்தபடி நீ நின்றதை. எதைப் பார்த்து அதிகம் மலைக்கிறேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஜூலையிலிருந்து ஜனவரி வரை ஒவ்வொரு நாளும் அந்த நீலத் தார்ப்பாயைக் கடந்து போயிருக்கிறாய். ஒவ்வொரு நாளும் அதை அவிழ்க்காமல் விட்டிருக்கிறாய். என்னால் அதற்கு ஈடாக எதுவும் செய்ய முடியாது. இனி யாரும் எனக்காக அப்படிச் செய்ய நான் விடக் கூடாது என்பது மட்டும் தெரிகிறது. தெரியாததைக் கேட்டுவிடுவேன். உன்னிடமிருந்தே தொடங்குகிறேன்.

முதல் கேள்வித்தாளை இதோடு வைத்திருக்கிறேன். அந்நியர் ஒருவர் கேட்பதாக நினைத்து எழுது. செல்லம் கொடுக்காதே.

நோயெல்லா

விறகுக் கேள்வித்தாள், எண் 1
(பென்சிலில் நிரப்பி, மார்ச் 16 அன்று திருப்பி அனுப்பப்பட்டது)

பெயர்: லொரெட் பெல்தியே

வயது: அது வெறகுக்கு எதுக்கு?

எந்த மரங்களை எரிக்கிறீர்கள்? பிர்ச், மேப்பிள். அவசரத்துக்குக் கெடைக்கிறது.

எங்கிருந்து கிடைக்கிறது? வீட்டுக்குப் பின்னாடிக் காடு. எதை வெட்டணும்னு கோடையிலயே பாத்து வச்சுக்குவேன். எலை இருக்கும்போதுதான் எது நோயாளின்னு தெரியும். நல்லா இருக்கிறதைத் தொட மாட்டேன்.

எப்படி அடுக்குகிறீர்கள்? தரையில படாம, கீழ ரெண்டு கழி போட்டு. ஒரு எலி ஓடுற அளவு சந்து இருக்கணும். அதைத் தொரத்துற பூனை நுழையக் கூடாது.

எப்படி மூடுகிறீர்கள்? மேல மட்டும். பக்கமெல்லாம் காத்துக்கு.

காய்ந்துவிட்டது என்று எப்படி அறிவீர்கள்? ரெண்டு துண்டை எடுத்து மோதினா டங்குனு சத்தம் வரணும். சொத்துனு வந்தா இன்னும் ஈரம் இருக்கு.

உங்கள் முறையை மாற்றிக்கொள்ளச் சொன்னால் மாற்றிக்கொள்வீர்களா? யார் சொல்றாங்கன்றதைப் பொறுத்தது.

கையொப்பம்: லொரெட் பெல்தியே