இடுப்பு போனது வார்டில்தான்

லுயாண்டோ அப்பா,

காய்ந்த கபெண்டா மீனைக் குழம்பு வைத்திருக்கிறேன், சோளக்களி மட்டும் கிண்டிக்கொள்ளுங்கள். லுயாண்டோவை இன்று நீங்கள்தான் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அவள் சீருடை கொடியில் காய்கிறது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். "வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்கியதால் வந்த வலி" என்று மேட்ரன் எழுதிவைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போடுவதற்காக அல்ல. தலைநகர் லுசாகாவிலிருந்து விசாரிக்க வரும் சுகாதாரத் துறை அதிகாரியிடம் நடந்ததைச் சொல்லப் போகிறேன்.

"எதுக்கு வம்பு? கையெழுத்தப் போட்டுட்டு, லீவ வாங்கிட்டு வந்து படு" என்று நேற்று சொன்னீர்கள். அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். மூன்று மாதம் முன்பு வார்டில் அந்தக் கனத்த நோயாளி கட்டிலிலிருந்து சரிந்தபோது, அந்த ஷிப்டில் முப்பத்திரண்டு நோயாளிகளுக்கு நான் ஒருத்திதான் நர்ஸ். விட்டிருந்தால் அவர் மண்டை உடைந்திருக்கும். தாங்கிப் பிடித்தேன், என் இடுப்பு போயிற்று. அந்தப் பழியை என் வீட்டுக் குடத்தின் மேல் போட விடமாட்டேன்.

மேட்ரன் போனில், "ஒனக்கு மட்டுந்தான் இடுப்பு இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம், வேலையில அடிபட்ட எங்க நர்சுங்க பதினோரு பேருக்கும் இருக்கு. எல்லாருமே வர்றோம்" என்றேன். அவர்களில் ஒருத்தியான சிபேகோ தோள்கட்டோடு வருகிறாள்.

வேலை போனால் போகட்டும்.

நாமூங்கா

வெந்நீர் போட்டு வையுங்கள். கோபம் இருந்தாலும் ஒத்தடம் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஷூவை நானே போட்டுக்கொண்டேன். கால் மணி நேரம் ஆனது. உங்களை எழுப்பவில்லை.