உள்ளானின் மற்றக் கால்

தை, ஞாயிறு இரவு.

நித்திரை வரவில்லை. இன்று விடியத் தொண்டைமானாற்றங்கரையில், பறவைக் கூட்டத்தின் நடுவே ஓர் உள்ளான் ஒற்றைக் காலில் நின்று தூங்கியது. மடக்கியிருந்த மற்றக் காலில் பச்சைப் பட்டி ஒன்றின் நுனி தெரிந்தது. பறவை போகும் வழியை அறிய, எந்த நாட்டிலோ யாரோ எண் எழுதி மாட்டி அனுப்பிய பட்டி! ஏழு வருடமாகப் பறவை பார்க்கிறேன், இப்படி ஒன்றைக் கண்டதே இல்லை. ஆனால் எண் இறகுக்குள் மறைந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒருவர் வீச்சு வலையோடு தண்ணீருக்குள் இறங்கினார்.

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. வலை விழுந்தால் உது பறந்திடும்."

"பொறுத்தால் மீன் போயிடும், பிள்ளை."

அப்படிச் சொன்னவர், வலையைத் தோளில் போட்டபடி அரை மணி நேரம் அசையாமல் நின்றார். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. மரியாதைக்குத் தொலைநோக்கியை நீட்டினேன். அவர் கண்ணில் வைத்ததுதான் தாமதம்.

"காலைக் கீழை விட்டிட்டுது! கே, நாலு, ஏழு!"

அவர் போட்ட சத்தத்தில் கூட்டம் முழுவதும் எழும்பிப் பறந்தது.

"வடிவாப் பாத்தனீங்களோ, அண்ணை?"

"தூரத்திலை வாற வள்ளத்தின்ரை நம்பரையே வாசிக்கிறனான். உதை வாசிக்கேலாதோ?"

உள்ளங்கையில் எழுதிக்கொண்டு சேற்றிலேயே துள்ளினேன். அவரும் சிரித்தார்.

இப்போது, பட்டி மாட்டியவர்களுக்கு அனுப்ப வேண்டிய படிவத்தில் 'கண்டவர் பெயர்' என்று ஓர் இடம். என் பெயரை இரண்டு தரம் அடித்து, இரண்டு தரமும் அழித்துவிட்டேன். அவருடைய பெயரை நான் கேட்கவே இல்லை.