கடைசி எழுத்து

நங்கநல்லூர்
3.6.2024

மௌலிக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். எனக்கும் பரத்வாஜுக்கும் பெண் பிறந்திருக்கிறாள். அடுத்த வாரம் பெயர் வைக்கிறோம்.

நம் ஸஹானாவுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கைக்கு ரஞ்சனா என்றுதான் வைக்கவேண்டுமாம். அவளுக்கொரு தங்கை பிறந்திருந்தால் அந்தப் பெயர்தான் என்று பார்க்கில் நீங்களே சொன்னீர்களாமே? "பாப்பாவுக்கு பரத்வாஜ் அங்கிள் இனிஷியல், எனக்கு அப்பா இனிஷியல். முன்னாடி எழுத்துதான் வேற. கடைசி எழுத்தாவது ஒண்ணா இருக்கட்டும்மா, அப்பதான் அக்கா தங்கைன்னு தெரியும்" என்கிறாள். எட்டு வயதுக்கு என்ன கவலை பாருங்கள்.

உங்களிடம் சொல்லாமல் வைக்க மனம் வரவில்லை.

ஹம்சா

மயிலாப்பூர்
6.6.2024

ஹம்சாவுக்கு,

குழந்தை நலமாக இருக்கட்டும். அந்தப் பெயர் மட்டும் கூடாது.

ஸஹானா என்று பெயர் வைத்தவன் நான். "ராகப் பேரெல்லாம் எதுக்கு, அம்பாள் பேரா வைக்கப்படாதோ?" என்று உன் அப்பா ஆஸ்பத்திரியில் எல்லார் எதிரிலும் கேட்டார். நீ வாய் திறக்கவில்லை. அந்தப் பெயருக்கு ஜோடியாக நான் யோசித்ததை இன்னொருவர் மகளுக்குத் தரமாட்டேன். ஸஹானா, ரஞ்சனா என்று வாசலிலிருந்து சேர்த்துக் கூப்பிடப்போகிறவர் பரத்வாஜ். கேட்கிறவர்கள் இரண்டும் அவர் பெண்கள் என்றுதான் நினைப்பார்கள்.

மீறினால் மறுபடி வக்கீலைப் பார்ப்பேன்.

சந்திரமௌலி

நங்கநல்லூர்
14.6.2024

மௌலிக்கு,

இன்னொரு முறை கோர்ட் வாசலில் நிற்க எனக்குத் தெம்பில்லை. மதுவந்தி என்று வைத்துவிட்டோம்.

"அப்பா வேண்டாம்னாரா?" என்று ஸஹானா கேட்டாள். எனக்குப் பொய் வரவில்லை. அவள் அழவில்லை. மறுநாள் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட்டோம். எல்லா லேபிளிலும் வெறும் ஸஹானா என்று எழுதியிருக்கிறாள். கேட்டதற்கு, "பாப்பாவுக்கும் இனிஷியல் வேண்டாம், எனக்கும் வேண்டாம். இப்ப சரியாயிடுத்து" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்குக்கு உங்களைப் பார்க்க வரமாட்டாளாம். நான் வற்புறுத்தவில்லை.

ஹம்சா

மயிலாப்பூர்
8.7.2024

ஹம்சாவுக்கு,

ஜூன் கடைசியில் நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. நேற்றும் நாகேஸ்வர ராவ் பூங்கா வாசலில் இருட்டும்வரை நின்றேன்.

நீதான் சொல்லிக்கொடுத்திருப்பாய் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் ஏற்றாமல் இருந்தால் ரஞ்சனா என்றே கொடுத்துவிடுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஸஹானா நம்பாவிட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

அவள் மே மாதம் விட்டுப்போன தண்ணீர் பாட்டில் இங்கேதான் இருக்கிறது. ச. ஸஹானா என்று அவளே பேனாவால் எழுதியது. கழுவினால் அழிந்துவிடும் என்று அப்படியே வைத்திருக்கிறேன்.

அதை அவள் தேடினாளா?

சந்திரமௌலி