விண்ட்சரில் நீங்கள் படுத்த கட்டில்

அண்ணை, இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னவன். விண்ட்சரில் மழை பெய்யும் என்றேன், பெய்தது. ஆற்றங்கரை அன்னங்கள் உங்கள் கையிலிருக்கும் பாண் துண்டைப் பறிக்கும் என்றேன், பறித்தன. லண்டனில் இருக்கும் உங்கள் தங்கச்சி வந்து சண்டை பிடிப்பார் என்பதையும் ஜேர்மனியில் டோர்ட்மண்டை விட்டு வெளிக்கிட முன்னமே சொன்னேன். நீங்கள்தான் நம்பவில்லை.

இன்று காலை மிளகாய்த்தூள் தேடி அலுமாரியைக் கிளறியபோது பின்னாலிருந்து ஒரு சின்னப் போத்தல் உருண்டு வந்தது. அந்த ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு வைக்கும் தோடம்பழ ஜாம். மூடியைத் திறந்தேன். இத்தனை வருஷமாகியும் வாசம் போகவில்லை. கறியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு உங்களுக்கு எழுத இருந்துவிட்டேன்.

டோர்ட்மண்டில் எவ்வளவு காலம் ஹோட்டல் கட்டில்களை விரித்தீர்கள். அவற்றில் மந்திரிமார் படுத்தார்கள், பந்து விளையாட்டுக்காரர் படுத்தார்கள். நான் சொல்லும்போது சினிமா நடிகைகளையும் சேர்த்துக்கொள்வேன். நீங்கள் மட்டும் ஒரு நாளும் படுத்ததில்லை. ஒப்பரேஷனுக்கு நாள் குறித்து டெர்மின் கிடைத்த அன்று என்னைக் கூப்பிட்டீர்கள்.

"தம்பி, கத்தி வைக்க முன்னம் ஒரு இரவு ஹோட்டல்லை விருந்தாளியாப் படுக்கோணும். விடிய எழும்பி, கட்டிலைக் குலைச்சது குலைச்சபடி விட்டிட்டு வரோணும்."

"இஞ்சை டோர்ட்மண்டிலையோ?"

"இஞ்சை படுத்தா, என்னோடை வேலை செய்யிற பெடியள்தானே அதை விரிக்கோணும். வேண்டாம்."

இங்கிலாந்துக்கு ஒருமுறை கலியாணத்துக்குப் போய் வந்தவன் நான். ஆகவே அந்த நாடு எனக்குத் தண்ணிபட்ட பாடு. விண்ட்சரில் தேம்ஸ் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் பழைய ஹோட்டலொன்றைப் பிடித்தேன். அறையின் நிலம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. ராசாமாரின் தேர் தானாக உருள வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டினார்கள் என்று விளக்கினேன். அரச கோட்டைக்கு ஏறும் வழியில் ஒரு பலகையைக் காட்டி, எட்டு ராசாமாருக்கு முடி சூட்டிய இடம் இதுதான் என்றேன். நீங்கள் கிட்டப் போய்ப் பார்த்தீர்கள்.

"கழிப்பறைக்கு வழி எண்டெல்லோ கிடக்கு."

"அதுக்குக் கீழை வாசியுங்கோ."

"கீழை அம்புக்குறி."

படகில் போகும்போது நீங்கள் கோட்டையைப் பார்க்கவில்லை, படகிலிருந்த சனத்தைப் பார்த்தீர்கள். "லீவு எண்டால் இப்பிடித்தான் இருக்குமோ சனத்துக்கு?" என்றீர்கள்.

திரும்பி வந்தால், ஹோட்டல் வாசலில் சோற்றுக் கரியருடன் தங்கச்சி நிற்கிறார். யார் சொன்னதோ தெரியாது. நானாகவும் இருக்கலாம். கூடப் பிறந்தவள் கிட்ட இருக்க ஹோட்டலில் அறை எடுப்பது, நம் சனத்தில் அவள் வீட்டுக் கதவில் காறித் துப்புவது மாதிரி.

"தங்கச்சி செத்திட்டாள் எண்டு நினைச்சியளோ? என்ரை வீட்டிலை பாய் இல்லையோ, தலகாணி இல்லையோ?"

"ஒரு இரவுதானே, பிள்ளை."

"ஒரு இரவெண்டாலும், சனம் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

நான் குறுக்கே போனேன். "அக்கா, இதுக்காகத்தான் அண்ணை இவ்வளவு தூரம் வந்தவர். சோத்தைத் தந்திட்டுப் போங்கோ."

"நீர்தான் இவரைக் கெடுக்கிறது."

நீங்கள் அறைச் சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தீர்கள். "இண்டைக்கு ஏலாது, பிள்ளை. நாளைக்கு மத்தியானம் வாறன்" என்றீர்கள். அவர் அழுதபடி போனார். நீங்கள் மேலே ஏறி, அந்த வெள்ளை விரிப்பின் நடுவில் கையையும் காலையும் எறிந்து படுத்தீர்கள். விடிய எழும்பி, கட்டிலைத் திரும்பியும் பாராமல் ராசா மாதிரி இறங்கிப் போனீர்கள்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு நீங்கள் கண் விழிக்கவில்லை. செத்த வீட்டுக்கு வந்த சனத்துக்கெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பினால், பின்னால் தங்கச்சி. அவர் என்னைப் பார்த்தார். பிறகு சனத்தைப் பார்த்து, "ஓம். நான் எவ்வளவு கூப்பிட்டும் வரேல்லை. அண்ணை நல்ல பிடிவாதக்காரன்" என்றார்.

அன்று முதல் இந்தக் கதைக்கு நாங்கள் இரண்டு பேர் சாட்சி. யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவேன், சாகும்வரைக்கும் சொல்லுவேன். உங்களிடம் மட்டும் மறைத்துப் பலனில்லை. "ஏலாது" என்ற சொல் அன்றைக்கு உங்கள் வாயிலிருந்து வரவில்லை. சாவியை என் கையில் வைத்துவிட்டு, தங்கச்சியின் காரில் ஏறினீர்கள். அன்றிரவு அந்தக் கட்டிலில் படுத்துக் குலைத்தவன் நான்தான், அண்ணை.