அப்பமாவுக்குள் போன ஈஸ்ட்

இக்காஸ்ட், டென்மார்க், 11 மார்ச் 1989, சனி, இரவு 9.40. தின்ற அப்பம் ஒன்பது.

கடும் பியர் காய்ச்சுவதற்காக மூன்று நாளாய் ஒரு போத்தலில் ஈஸ்ட் வளர்த்து, பிரிட்ஜில் வைத்திருந்தேன். நான் ஷிப்டுக்குப் போன நேரம், அறையில் கூட இருக்கும் சிவமண்ணை அதை அப்பமாவுக்குள் ஊற்றிவிட்டார்.

"கள்ளு மணம் அடிச்சுது தம்பி. அப்பத்துக்கெண்டு நினைச்சன்."

"உங்கட மனுசி வாற அண்டைக்குக் குடிக்க எண்டு வளர்த்தது, அண்ணை! அவ வர இன்னும் ஆறு கிழமைதான் கிடக்கு."

அவர் முகம் சுருங்கியது. போத்தலைப் பறித்துப் பார்த்தேன். அடியில் வெள்ளை மண்டி அப்படியே இருந்தது. ஈஸ்ட் அதுதான். அவர் ஊற்றியது நானே கொட்டவிருந்த மேல்தண்ணி.

"பிழை என்னில, அண்ணை."

"அப்ப சுடட்டே?"

1. காலையில் மண்டிக்குப் புது பார்லி மால்ட் கரைசல் ஊற்றவேண்டும்.
2. மேல்தண்ணியை இனி அண்ணையிடம் கொடுக்கவேண்டும்.
3. அண்ணி வரமுன் எனக்கு வேறு அறை தேடவேண்டும். இதே தெருவில்.